இரண்டாம் எதிர்மனுதாரர்

ஜம்புநாதன் என்கிற என் கணவருக்குத் தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. டெல்லி சரோஜினி நகரில் காய்கறி வாங்க அனுப்பினால் சப்ஜிவாலா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அவனிடம் ஒரு தாங்க்யூவும் சொல்லிவிட்டு வருவார். ஆடிட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே உட்கார்ந்துகொண்டு மற்றவர்களின் தப்பை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் மாடி வீட்டு மதுமதியோடு தகாத உறவு வைத்திருந்தார் என்று குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோர்ட் ஆள் வாசலில் நின்று, "ஜம்புநாதன் ஜி கா கர் யஹீ ஹை?" என்று வீட்டை விசாரித்தான். பென்ஷன் சம்பந்தமாக ஏதோ என்று நினைத்து நானே பிரித்தேன். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர் நான். ஃபைல் படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அப்படியும் அந்த முதல் பக்கம் ஒரே வாசிப்பில் மண்டையில் ஏறவில்லை. மனுதாரர் ஜெகன். முதல் எதிர்மனுதாரர் அவன் மனைவி மதுமதி. இரண்டாம் எதிர்மனுதாரர் ஜம்புநாதன், வயது அறுபத்திரண்டு, அதே பிளாக்கில் கீழ் வீடு. மனைவி பிற ஆடவரோடு உறவு கொண்டதால் விவாகரத்து கோரும் மனு.

லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக்கில் தமிழ்க் குடும்பம் இரண்டுதான். கீழே நாங்கள், மேலே விழுப்புரத்துக்காரர்களான ஜெகனும் மதுவும். மது எனக்குத் தங்கை மாதிரி. அவளுக்கு வைஷ்ணவி பிறந்தபோது அவள் அம்மா வந்து சேரும்வரை பத்தியச் சமையல் பண்ணிப் போட்டது நான்தான். கொரோனா வந்த வருஷம் ஜெகனுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. அந்தமான் போஸ்டிங் என்றால் டெல்லி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டாம் என்று விதி இருப்பதால் அவளும் குழந்தையும் இங்கேயே இருந்தார்கள். இந்த வருஷம்தான் அவன் திரும்பி வந்திருக்கிறான். வந்த கையோடு இது.

மனுவில் இருந்தது இவ்வளவுதான். 2021 மே மாதம் மதுமதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கருச்சிதைவுக்காகச் சேர்க்கப்பட்டாள். அதற்கு முந்தைய எட்டு மாதமும் மனுதாரர் அந்தமானை விட்டு வரவே இல்லை. அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்து, பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் இரண்டாம் எதிர்மனுதாரர்.

அவர் ஹாலில் ஹிந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்மனை அந்தப் பேப்பர் மேலேயே போட்டேன்.

"ஏன்னா, இதைப் படிங்கோ."

படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதெல்லாம் பொய், அந்தப் பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லப்போகிறார், நான் உடனே மாடிக்குப் போய் ஜெகனை உண்டு இல்லை என்று பண்ணப்போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேளா?"

"போனேன்."

"கையெழுத்துப் போட்டேளா?"

"போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்றதுக்கில்லை, லக்ஷ்மி."

"அப்போ இதுல எழுதியிருக்கறதெல்லாம் நிஜமா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ எப்படி நினைக்கறியோ அப்படியே வெச்சுக்கோ" என்றார்.

முப்பத்திமூன்று வருஷமாகக் கூட வாழ்ந்தவள் கேட்கிறேன், பதில் இது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. மகள் வயதுப் பெண்ணோடு உமக்கு என்ன கேடு என்று கேட்டேன். பூனை மாதிரி இருந்துகொண்டு இதைத்தான் பண்ணினீரா என்று கேட்டேன். அடுத்த பிளாக் சர்தார்ஜி வீட்டு ஜன்னல் திறந்தது, நான் கவலைப்படவில்லை. இந்த குவார்ட்டர்ஸ் என் பெயரில் அலாட் ஆனது, என் சம்பளத்தில் பிடித்தம் ஆவது, இதற்குள் நீர் படுக்கக் கூடாது என்று சொல்லி, அவர் மெத்தையைச் சுருட்டிப் பின்பக்க வராந்தாவில் எறிந்தேன். அவர் பேசாமல் போய்த் தலையணையையும் எடுத்துக்கொண்டார்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவன் ஜெகன். கேஸ் நடந்தாலும் இருவரும் அதே இரண்டு அறை வீட்டில்தான் இருந்தார்கள். அவளுக்கு டெல்லியில் போக வேறு இடம் ஏது? ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் சாப்பிடுவதாம்.

"மாமி, உங்க மூஞ்சில முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு" என்றான். "சார் பேரைப் போட வேணாம்னுதான் சொன்னேன். இந்தக் காரணத்தைச் சொல்லி டைவர்ஸ் கேட்டா அந்த ஆளையும் கேஸ்ல சேர்த்தே ஆகணும்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"உனக்கு யார்டா சொன்னா இதெல்லாம்?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல மாமி. ரெண்டாவது குழந்தைக்குப் பார்க்கலாம்னு இவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சி.ஜி.ஹெச்.எஸ். கார்டு நம்பரைத் தட்டின உடனே பழைய பேஷன்ட்னு காட்டுது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, முன்ன கரு கலைஞ்சப்ப இங்கதானே சுத்தம் பண்ணினோம், அப்புறம் தொந்தரவு ஏதும் இல்லையேன்னு சாதாரணமா கேக்கறாங்க. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். லிஃப்ட் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியல மாமி. மறுநாள் போய்ப் பழைய ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தா, அதுல சார் கையெழுத்து."

அவன் அழவில்லை. ஆனாலும் எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. உள்ளே மது வைஷ்ணவியின் ஸ்கூல் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மாமி, அது நான் இல்ல. அவர்கிட்டயும் இதத்தான் சொன்னேன். நான் இல்ல."

"உன் கார்டுல நீ இல்லாம வேற யார்டி படுத்தா?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் காலனியில் இந்த மத்திய அரசு மருத்துவ கார்டு படுகிற பாடு ஊருக்கே தெரியும். இட்லித் தட்டு இரவல் வாங்குகிற மாதிரி வாங்குவார்கள். மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை, ஊரிலிருந்து வந்த மச்சினருக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் பக்கத்து வீட்டு கார்டில் டிஸ்பென்சரியில் வாங்கிக்கொள்வார்கள். அதனால் அவள் சொன்னது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அது இன்னும் மோசமாகத்தான் பட்டது. வேறு எவளோ ஒருத்திக்காக இவள் கார்டு கொடுத்தாள், அந்த எவளோ ஒருத்தியை என் கணவர் கூட்டிக்கொண்டு போனார் என்றால் என்ன அர்த்தம்? இவள் இல்லையென்றால் இன்னொருத்தி, அவ்வளவுதானே?

"பத்தியம் பண்ணிப் போட்ட கைடி இது" என்றேன். "அதுல சாப்பிட்டுட்டு என் வீட்டுக்கே உலை வெச்சுட்டியே."

"உங்க வீட்டுக்கு நான் துரோகம் பண்ணல மாமி. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

அதற்கு மேல் நான் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுத முடியாது. உள் அறை வாசலில் வைஷ்ணவி நிற்கிறாள் என்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

லாஜ்பத் நகரில் ஒரு பேஸ்மென்டில் ஆபீஸ் வைத்திருக்கும் சுபாஷிணி என்கிற தமிழ் வக்கீலை என் கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள். மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன். என் வயதில் பாதி இருக்கும். சம்மனை நிதானமாகப் படித்தாள்.

"மாமி, இது இப்போ குற்றம் இல்லை. சுப்ரீம் கோர்ட் ரெண்டாயிரத்துப் பதினெட்டுலயே அந்தப் பிரிவை எடுத்துடுச்சு. யாரையும் ஜெயில்ல போட முடியாது. ஆனா விவாகரத்துக்குக் காரணமா இன்னும் சட்டத்துல இருக்கு."

"கண்ணால பார்த்த சாட்சி வேணுமா?"

"நாலு பேர் பார்க்கற மாதிரியா பண்ணுவாங்க? சந்தர்ப்பம் போதும். புருஷன் ஊர்ல இல்லை, மனைவி கர்ப்பம், இன்னொருத்தர் கையெழுத்து. ஜெகன் கேஸ் பலமாத்தான் இருக்கு. ஆனா இப்படி ஒரு பழியைப் போட்டுட்டு அது பொய்யுன்னு ஆயிடுச்சுன்னா, அந்தப் பழியே மனக்கொடுமை. அந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பக்கம் விவாகரத்து கேக்கலாம்."

அது எனக்குத் தேவையில்லாத செய்தி. "நான் என் ஆத்துக்காரர் மேல இதே காரணத்தைச் சொல்லிக் கேஸ் போடணும்னா என்ன பண்ணணும்?" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "சார்கிட்ட உட்கார்ந்து கேட்டீங்களா மாமி?"

"கேட்டாச்சு."

"கேட்டீங்களா, திட்டினீங்களா?"

வக்கீல் ஃபீஸ் வாங்கிக்கொண்டு என்னையே குறுக்கு விசாரணை பண்ணுகிறாளே என்று எரிச்சல் வந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவர் வராந்தாவில் மெத்தை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். என் புடவையைக்கூட மடித்து வைத்திருந்தார். அதைப் பிடுங்கி உதறிவிட்டு, மறுபடி நானே மடித்தேன்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் ஒரே பெண் ஷ்ரேயாவுக்கு அப்போதுதான் போன் பண்ணினேன். போன வருஷம்தான் மாதவோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணிடம் சொல்லக்கூடிய விஷயமா என்று யோசித்தேன். ஆனால் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? "உங்கப்பா லட்சணத்தைக் கேளு" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் கொட்டினேன்.

"அம்மா, அப்பா என்ன சொன்னார்?"

"வாயைத் திறந்தாத்தானே?"

"மது அக்கா?"

"அவளும் கல்லுளிமங்கி மாதிரி நிக்கறா."

ஷ்ரேயா போனை வைத்துவிட்டாள். பாவம், குழந்தையால் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

அடுத்த நாள் மத்தியானம் நான் சாம்பாருக்குப் பருப்பு வைத்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. ஷ்ரேயா ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டர்கூட எடுத்து வரவில்லை. வராந்தாவிலிருந்து அவர் வேகமாக எழுந்து வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு வந்தே? நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனோல்லியோ" என்றார்.

"போதும்ப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அது நான்."

"எது நீ?"

"அந்த ஹாஸ்பிடல்ல இருந்தது நான். கார்டு மது அக்காவோடது. கூட்டிண்டு போனது அப்பா."

குக்கர் விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது. போய் அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் நகரவில்லை. கடைசியில் அவர்தான் போய் அணைத்துவிட்டு வந்தார்.

டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தமிழில் பாதி வார்த்தை வராது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் தமிழிலுமாகச் சொன்னாள். அப்போது எனக்குக் கொரோனா. படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தேன். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஷ்ரேயா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த ஒரு பையனோடு பழக்கம். அவன் வேலையை மாற்றிக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டான், அவனைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்றாள். நானும் கேட்கவில்லை. வயிற்றில் இருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் பாத்ரூமில் ரத்தமாகக் கொட்டியது. அப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த மே மாதத்தில் டெல்லியில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு மனிதர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டு இருந்தால்தான் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி உள்ளேயே விடும். எங்கள் குடும்ப கார்டு என் பெயரில் இருக்கிறது, எங்கே தட்டினாலும் செய்தி என் போனுக்கு வரும். கல்யாணம் ஆகாத பெண் வேறு. அவர் படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து மது இறங்கி வந்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் தன் கார்டை எடுத்துக் கையில் வைத்து, "மாஸ்க் போட்டா யாருக்கு மூஞ்சி தெரியப் போவுது, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க சார்" என்றாளாம். பணம் அவர் கையிலிருந்து கட்டினார். ஒரு பில்லும் ஜெகன் ஆபீசுக்குப் போகவில்லை. எல்லாம் அன்றோடு முடிந்தது என்று மூவரும் நினைத்துவிட்டார்கள். பில் போகவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் மதுமதியின் பெயர் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது கேட்டது. கண்ட பீட்சாவையும் வரவழைத்துத் தின்றால் வயிறு வலிக்காமல் என்ன பண்ணும் என்று உள்ளேயிருந்து கத்தினேன். இருமிக்கொண்டே கத்தினேன். அவர்கள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை கத்தினேன். அப்புறம் இரண்டு நாள் அவள் குரலே கேட்கவில்லை, திட்டினது உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"மாதவுக்கு?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

மாப்பிள்ளைக்குத் தெரியும். மாடி வீட்டுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாது.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை? இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடவா தோணலை?"

ஷ்ரேயா அப்பாவைப் பார்த்தாள்.

"நீ என்ன சொல்லியிருப்பே, லக்ஷ்மி?" என்றார் அவர்.

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அது அப்போதும் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அதுக்காக இப்படி ஒரு பழியை வாங்கிண்டு உட்கார்ந்திருப்பேளா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"இல்லைன்னு சொன்னா, பின்னே யாருன்னு கேப்பே. கோர்ட்லயும் கேப்பா. கார்டு விஷயம் வெளியில வந்தா அந்தப் பையன் ஜெகனுக்குத்தான் டிபார்ட்மென்ட்ல என்கொயரி. மதுவும் அதனாலதான் வாயைத் திறக்கலை." ஷ்ரேயாவின் முதுகிலிருந்து பையைக் கழற்றி வாங்கினார். "எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். குழந்தையால தாங்க முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

உடனே மாடிக்குப் போவோம் என்றேன். மூன்று பேரும் ஏறினோம். ஷ்ரேயா ஜெகன் முன்னால் நின்று திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே நாளில் இரண்டாம் தடவை அதைச் சொல்ல வைக்கிறோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெகன் வைஷ்ணவி படிக்கிற சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். என் கணவரைப் பார்த்தான், எழுந்து அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் தடுத்துவிட்டார்.

பிறகு மதுவிடம் திரும்பினான். "என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் இல்லன்னு சொன்னேங்க. அது உங்களுக்குப் பத்தல."

"எந்தப் புருஷனுக்குடி பத்தும்? அப்படிப் பேப்பரைக் காட்டினா நான் என்னன்னு நினைக்கிறது?" என்று குரல் உயர்த்தியவன் உடனே அடங்கினான். "சரி. தப்பு என்னோடது. நாளைக்கே வக்கீல்கிட்ட சொல்லி வாபஸ் வாங்கிடறேன். எல்லாத்தையும் மறந்துடலாம் மது."

"வாங்குங்க" என்றாள் மது. "நீங்க வாங்கினதும் நான் போடறேன்."

"என்ன போடறே?"

"டைவர்ஸ். ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்பா வயசுல இருக்கற மனுஷனோட என்னைச் சேர்த்துக் கோர்ட்ல எழுதிக் குடுத்தீங்க. அந்தப் பேப்பர் இந்த மேசை மேல கிடந்துச்சு. வைஷு அதைப் படிச்சிட்டு, அடல்ட்ரின்னா என்னம்மான்னு என்கிட்ட கேட்டா. அஞ்சாவது படிக்கிற பொண்ணு. அவளுக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு? ஒண்ணும் சொல்லல. சப்பாத்தி போட்டுட்டு இருந்தேன், அதையே போட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பொய்யா இந்தப் பழியைப் போட்டா அதுவே கொடுமைதானாம், அத வெச்சே கேக்கலாமாம். என் வக்கீல் சொன்னாங்க. இது பொய்யுன்னு காட்டணும்னா இன்னொருத்தியைக் காட்டிக் குடுக்கணுமேன்னுதான் இவ்ளோ நாள் சும்மா இருந்தேன். இப்ப உங்களுக்கே தெரிஞ்சு போச்சு."

ஷ்ரேயா அழ ஆரம்பித்தாள். மது போய் அவளை அணைத்துக்கொண்டு, "உன்னால இல்லடி" என்று முதுகைத் தடவினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு குடும்பம் என் கண் முன்னால் கலைகிறது, பேசித் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. எதையும் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

"மது, அவசரப்படாதேடி. அவன் ஏதோ ஆத்திரத்துல பண்ணிட்டான். பத்து வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்தவன், ஒரு பேப்பரைப் பார்த்ததும் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"நீங்களும் நம்பினீங்களே, மாமி" என்றாள்.

திட்டியிருக்கலாம். நான் அவளைச் சொன்ன அந்த வார்த்தையை என் மேலேயே திருப்பி எறிந்திருக்கலாம். அதெல்லாம் பண்ணவில்லை. சப்பாத்தி மாவு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஷ்ரேயாவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டாள். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த வைஷ்ணவியின் டைம்டேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது ஷ்ரேயாவிடம், "அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாடி?" என்று கேட்டேன். நாலரை வருஷம் கழித்துக் கேட்டேன்.

"ஞாபகம் இல்லம்மா. நீ உள்ளேருந்து கத்திண்டே இருந்தே. அம்மா கத்தறது கேக்கறதா, அதைக் கேட்டுண்டே இரு, கண்ணை மூடாதேன்னு அப்பா சொல்லிண்டே வந்தார். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. கடைசிப் படியில் நின்று அழுதேன். மேல் வீட்டுக்குக் கேட்காமல் அழுதேன். என் வாழ்நாளில் எதையும் அப்படி மெதுவாகப் பண்ணியதில்லை.

சாயங்காலம் ஷ்ரேயா உள்ளே படுத்துத் தூங்கிவிட்டாள். பாலைக் காய்ச்சி, புதிதாக டிகாக்‌ஷன் போட்டு, காப்பி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பொய்யான பழியே கொடுமை என்று அந்த வக்கீல் பெண் சொன்னது காதிலேயே இருந்தது. அதை ஜெகனுக்கு என்று நினைத்துக் கேட்டுவிட்டு வந்தேனே, முட்டாள். ஜெகன் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததை நான் சர்தார்ஜி வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். அவனாவது ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். எனக்குப் பார்க்கக் காகிதம் தேவையா? இந்த மனிதரை முப்பத்திமூன்று வருஷமாகப் பார்க்கிறேன்.

காப்பியை வாங்கிக்கொண்டார். "சர்க்கரை சரியா இருக்கு" என்றார்.

"ஏன்னா, நான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே கிடையாது.

"ம்" என்றார். "பரவாயில்லை."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் மறு முனையில் கையை வைத்தார். அழுத்திக்கூட வைக்கவில்லை. சும்மா வைத்தார்.

"இங்கேயே இருக்கட்டும், லக்ஷ்மி."

"குளிர்றது. உள்ள வாங்கோ."

"இல்லை. இங்க காத்து நன்னா வரது."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் இல்லை என்று அவர் சொன்னது கிடையாது. மெத்தையை விட்டுவிட்டேன். அவர் கம்பளியை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே புகையும் பனியும் சேர்ந்து எதிர் பிளாக்கே தெரியவில்லை. டிசம்பர் மாதம். டெல்லியில் காற்றுக்குப் பயந்து ஒரு வீட்டிலும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்.